சீதளா தேவியும் டீக்கா மருத்துவமும்

வங்க நாட்டில் வாழும் தமிழராகிய நாம் இம்மாநிலத்து மக்களோடு மொழியால் வேறுபட்டிருப்பினும், நோய் வந்த காலத்தில் வாயில் வரும் சொல்லால் அவர்களுக்கு உறவினராகவே இருக்கின்றோம். குழந்தையின் மேனியில் கொப்புளங்கள் தோன்றினால் நம் வீட்டுப் பெரியோர் 'அம்மை போட்டிருக்கிறது' என்பர். சற்று வயது முதிர்ந்தவராயின் 'ஆத்தா வந்திருக்கிறாள்' என்று குரல் தாழ்த்திச் சொல்வர். வங்க மக்கள் அதையே 'மாயேர் தயா' என்பர். தாயின் கருணை என்பது அதன் பொருள். கொடிய நோய் ஒன்றைத் தாயாகக் கண்டு, அதன் வருகையைக் கருணையாகக் கொண்ட இவ்விரு மக்களின் உள்ளமும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது போலும்!

இச்சொற்கள் வெறும் அச்சத்தினால் பிறந்தவை என்று எண்ணி ஒதுக்கிவிடுதல் எளிது. கல்கத்தா எனப் பன்னெடுங்காலம் வழங்கி, 2001 முதல் கொல்கத்தா என்று பெயர் பெற்றிருக்கும் இந்நகரின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமாயின், அந்நம்பிக்கைகளுக்குள் அரியதொரு மருத்துவ அறிவும் அடங்கியிருந்தது புலப்படும். அவற்றுள் உயிர் காத்தவை எவை, உயிர் குடித்தவை எவை என்று பகுத்துணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்தெழுதுவதையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்கள்தாம் முதற் சான்றுகள். வைசூரிக்கு வங்காளியில் 'வசந்தம்' என்று பெயர். வங்க உச்சரிப்பில் அது 'பொசொந்தோ' என ஒலிக்கும். பெரியம்மை 'குடி வசந்தம்'. நீர் கோத்த கொப்புளங்களை உடைய சின்னம்மை 'ஜல வசந்தம்'. இளவேனிற் காலத்திலேயே இந்நோய் மிகுதியாகப் பரவும் என்பதைக் கண்டறிந்த மக்கள் பருவத்தின் பெயரையே நோய்க்கு இட்டனர். வடமொழி மருத்துவ நூல்கள் இதனை 'மசூரிகா' என்றன. மசூர் என்பது நாம் மைசூர்ப் பருப்பு என்று கூறும் சிவந்த பருப்பு. தோலில் எழும் கட்டிகள் அப்பருப்பை ஒத்திருத்தலால் வந்த பெயர் அது. நாமோ அக்கொப்புளங்களை 'முத்து' என்றோம். முத்துமாரி என்று தெய்வத்தைப் போற்றினோம். ஒருவர் காலத்தை நோக்கினர், ஒருவர் வடிவத்தை நோக்கினர், ஒருவர் அழகையே நோக்கினர். ஆனால் மூவரும் நோயை உற்றுக் கவனித்தனர் என்பதில் ஐயமில்லை.

இனித் தெய்வத்தின் பெயர். சீதளா என்றால் குளிர்ந்தவள்; மாரி என்றால் மழை. இரண்டும் வெப்பத்தைத் தணிக்கும் பெயர்கள். வைசூரி உடலில் மூண்ட சூடு என்றும், அதனைக் குளிர்ச்சியால் ஆற்ற வேண்டும் என்றும் வங்க மக்களும் தமிழரும் ஒருங்கே கருதினர். ஆகவே, தெய்வத்தின் பெயரிலேயே சிகிச்சை முறையும் எழுதப்பட்டிருந்தது எனலாம்.

சீதளா தேவியின் திருவுருவத்தை இந்நகரின் தெருமுனைச் சிறு கோயில்களிலும் அரசமரத்தடிகளிலும் நேயர்கள் கண்டிருப்பர். கழுதை வாகனம், ஒரு கையில் துடைப்பம், மறு கையில் நீர்க்குடம், தலைமேல் முறம், அருகே வேப்பிலை. துடைப்பமும் முறமும் நீர்க்குடமும் வீட்டைத் தூய்மை செய்யும் பெண்ணின் கருவிகள் அல்லவா? அரசனுக்குரிய வாளும் வேலும் இல்லாமல், அடுக்களையிலிருந்து எழுந்து வந்தவள் போலத் தோன்றும் இத்தெய்வத்தின் மீது, பதினெட்டாம் நூற்றாண்டில் நித்யானந்த சக்கரவர்த்தி முதலிய புலவர்கள் 'சீதளா மங்கள' காவியங்கள் பாடினர். சுர நோயின் உருவான ஜ்வராசுரன் அவளுக்கு ஏவலாளாக அக்காவியங்களில் வருகிறான்.

ஹூக்ளி நதியின் மேற்கரையில் ஹௌராவைச் சார்ந்த சால்கியாவில், மாசி மாதத்தை ஒட்டி வரும் மாகப் பௌர்ணமியன்று, சீதளா தேவியர் கங்கை நீராட்டுக்கு எழுந்தருளும் விழாவில் திரளும் கூட்டத்தைக் காண்போர்க்குச் சமயபுரமும் நார்த்தாமலையும் நினைவுக்கு வரும். சரஸ்வதி பூஜையின் மறுநாள் சீதளா சஷ்டி. அன்று வங்க இல்லங்கள் பலவற்றில் அடுப்பு மூட்டுவதில்லை. முதல் நாளே முழுக்காய்களாக அவித்து வைத்த 'கோட்டா செத்தோ' என்னும் உணவை ஆறிய நிலையில் உண்பர். அம்மியும் குழவியும் அன்று பூசை பெறும். ஆடி மாதத்தில் நம் ஊர்களில் ஊற்றும் கூழும் இவ்வகையில் அதற்கு உடன்பிறப்பே. பங்குனி மாதத்தில் வங்காளிகள் வேப்பங்கொழுந்தைக் கத்தரிக்காயோடு வறுத்து முதற் கவளமாக உண்பதையும், முருங்கைப் பூவையும் காயையும் தேடி வாங்குவதையும் லேக் மார்க்கெட்டுக்குச் செல்லும் தமிழர் அறிவர். வசந்த நோயைத் தடுப்பதற்கே இவை என்பது அவர்கள் நம்பிக்கை. சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூப் பச்சடி உண்ணும் நமக்கு இது புதிதன்று.

வேப்பிலை வைசூரியைத் தடுக்கும் என்பதற்கு அறிவியற் சான்று கிடையாது. எனினும் வாயிலில் செருகிய வேப்பிலைக் கொத்து மற்றொரு பணியைச் செய்தது. இவ்வீட்டில் நோயாளி இருக்கிறார், அயலார் நுழையற்க என்பதை எழுத்தறியாதார்க்கும் அது அறிவித்தது. தலைக்கு ஊற்றும் வரையில் வீட்டார் வெளியூர் செல்லாமை, விருந்தினரை ஏற்காமை முதலிய விதிகள் தெய்வத்தின் பெயரால் வந்தன. விளைவில் அவை நோயாளியைப் பிறரிடமிருந்து விலக்கி வைத்தன. சட்டம் போட்டுச் செய்ய முடியாததைப் பக்தி செய்து முடித்தது.

எனினும் வங்க நாட்டின் தனிச் சிறப்பு இவற்றினும் மேலான ஒன்றில் அடங்கியிருந்தது. அதுதான் 'டீக்கா'. இன்று தடுப்பூசிக்கு இந்தியிலும் வங்காளியிலும் வழங்கும் இச்சொல், தடுப்பூசி பிறப்பதற்கு முன்னரே வழக்கிலிருந்தது. 1731 பிப்ரவரியில் கௌல்ட் என்பவர் வங்கத்திலிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், மக்கள் 'டீக்கா' என்று அழைக்கும் சிகிச்சையை விவரித்திருக்கின்றார். நன்கு பழுத்த அம்மைக் கொப்புளத்தின் சீழைக் கூரிய இரும்பு ஊசியில் தோய்த்து, மேற்கையில் சில முறை குத்தி, அவ்விடத்தைச் சோற்றுப் பசையால் மூடுவர் என்பது அவர் தரும் செய்தி. இவ்வழக்கம் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக வங்கத்தில் இருந்து வருவதாகத் தாம் கேள்வியுற்றதையும் அவர் குறித்துள்ளார்.

இதனினும் விரிவான சான்றை அளித்தவர் ஜான் ஜெபனையா ஹால்வெல். கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராகக் கல்கத்தாவில் பணியாற்றி, 1760இல் சில மாதங்கள் வங்கத்தின் கவர்னராகவும் இருந்தவர். 1756ஆம் ஆண்டின் 'இருட்டறை' நிகழ்ச்சி பற்றி அவர் எழுதிய வருணனையை வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுவர். ஆனால் 1767இல் லண்டன் மருத்துவக் கல்லூரியாருக்கு முகவரியிட்டு வைசூரி பற்றி அவர் வெளியிட்ட சிறு நூல், ஒரு மருத்துவர் மற்ற மருத்துவர்க்கு எழுதிய அறிக்கையாகும். காந்தியவாதியான அறிஞர் தரம்பால் 1971இல் வெளியிட்ட, பதினெட்டாம் நூற்றாண்டு இந்திய அறிவியல் பற்றிய தொகுப்பில் மேற்கூறிய கடிதமும் இந்நூலும் இடம்பெற்றுள்ளன.

ஹால்வெல் கூறுவது இது. ஆண்டுதோறும் பிருந்தாவனம், அலகாபாத், காசி முதலிய இடங்களிலிருந்து அந்தணர் மூவர் நால்வராகச் சிறு குழுக்களாய்ப் புறப்பட்டு, நோய்க்காலம் தொடங்குமுன் தத்தம் ஊர்களை அடைவர். டீக்கா போட்டுக்கொள்ள விரும்புவோர் ஒரு மாதம் முன்னதாகவே மீன், பால், நெய் ஆகியவற்றை நீக்கியிருத்தல் வேண்டும். அப்பத்தியத்தைக் காவாதவருக்கு டீக்கா இல்லை. பின்னர் வீடு வீடாகச் சென்று வாயிலிலேயே சிகிச்சை நடைபெறும். ஆடவர்க்கு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவிலும், பெண்டிர்க்கு முழங்கைக்கும் தோளுக்கும் நடுவிலும் குத்துவது வழக்கம். முதலில் அவ்விடத்தை உலர்ந்த துணியால் சில நிமிடங்கள் தேய்ப்பர். சிறு வெள்ளிக் காசளவான இடத்தில் இரத்தம் கசியுமளவுக்கு மெல்லக் கீறுவர். அம்மைச் சீழ் தோய்ந்த பஞ்சில் கங்கை நீரைத் தெளித்து, அதனைக் காயத்தின் மேல் வைத்துக் கட்டுவர். ஆறு மணி நேரத்திற்குப் பின் கட்டை அவிழ்ப்பர். செயல் நடைபெறும்போதெல்லாம் தேவியை நோக்கிய மந்திரங்கள் ஒலித்துக்கொண்டேயிருக்கும்.

இவற்றுள் ஒரு செய்தியை நேயர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அச்சீழ் புதிதாக நோயுற்றவரிடமிருந்து எடுக்கப்பட்டதன்று. சென்ற ஆண்டில் டீக்கா போட்டவர்களின் கொப்புளத்திலிருந்து எடுத்து, ஓராண்டு சேமித்து வைக்கப்பட்டது. இயற்கையாக வந்த கொடிய வைசூரியின் சீழை அவர்கள் தொடமாட்டார்கள். வைக்கப்பட்ட பொருள் காலப்போக்கில் வலிமை குன்றும் என்பதும், மென்மையாக வந்த நோயின் விதை மென்மையாகவே முளைக்கும் என்பதும் அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மைகள். நுண்ணோக்கியும் கிருமிக் கொள்கையும் இன்றி, தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டு, கணக்கிட்டு வந்த அறிவு அது.

டீக்கா போட்ட பின் நோயாளியைப் போர்வைக்குள் அடைக்கவில்லை. காலையிலும் மாலையிலும் தலைவழியே குளிர்ந்த நீரை ஊற்றினர். காய்ச்சல் கண்டவுடன் நிறுத்திக் கொப்புளம் தோன்றியபின் மீண்டும் ஊற்றினர். கரும்பு, வாழைப்பழம், தர்ப்பூசணி, சோற்றுக் கஞ்சி, குளிர்ந்த நீர் ஆகியவை உணவாயின. கொப்புளங்களைக் கூரிய முள்ளால் கீறி விட்டனர். ஐரோப்பாவில் அக்காலத்து மருத்துவருள் பலர் வைசூரி நோயாளியை மூடிய அறையில் நெருப்பருகே கிடத்திக் கம்பளியால் போர்த்தி வந்தனர் என்பதை நினைவு கூர்ந்தால், வங்கத்து முறையை ஹால்வெல் ஏன் லண்டனுக்கு எடுத்துரைத்தார் என்பது விளங்கும். குழந்தைக்கு எத்தனை முத்துக்கள் வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டு, ஏறக்குறைய அத்தனையே வரச் செய்வர் என்றும் அவர் வியந்து எழுதியுள்ளார். இத்தனைக்கும் ஏழையிடமிருந்து அவர்கள் பெற்ற கூலி சில சோழிக் காசுகளே.

ஐரோப்பாவின் கற்றறிந்த மருத்துவ உலகுக்கும் இவ்வித்தை கிழக்கிலிருந்தே சென்றது. துருக்கித் தலைநகரில் இம்முறையைக் கண்ட லேடி மேரி வோர்ட்லி மாண்டேகு, 1721இல் லண்டனில் தம் மகளுக்கு அம்மைச் சீழைக் குத்துவித்த பின்னரே ஆங்கிலேயர் இதனை ஏற்கத் தொடங்கினர். கல்கத்தாவிலோ அந்நாளில் இது வாயிற்படியில் நடைபெற்ற வழக்கமாக இருந்தது.

எனினும் டீக்காவைக் குறையற்ற மருந்து என்று போற்றுவது உண்மைக்கு மாறாகும். அது உண்மையான வைசூரியையே உடலில் விதைத்தது. நூற்றுக்கு ஓரிருவர் அதனாலேயே இறந்தனர் என்பது ஐரோப்பியக் கணக்கு. இயற்கையாக நோயுற்றோருள் இறந்தவர் நூற்றுக்கு 20 முதல் 30 வரையினர். ஆதலின் குத்திக்கொண்டவருக்கு அது ஆதாயமே. ஆனால் அவரிடமிருந்து, குத்திக்கொள்ளாத அண்டை வீட்டாருக்கு முழு நோயும் தொற்றக்கூடும். ஒருவருக்குக் கவசமானது மற்றவருக்கு அம்பாயிற்று. ஊர் முழுவதும் ஒருங்கே செய்துகொண்டு, பத்தியத்தையும் விலக்கத்தையும் காத்த வரையில் இத்தீங்கு அடங்கியிருந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த மாநகரில் அடங்கவில்லை.

1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையிலிருந்து தீங்கற்ற தடுப்பு முறையைக் கண்டார். அம்மைப்பால் 1802 ஜூன் மாதத்தில் பம்பாயில் முதன்முதல் ஒரு குழந்தைக்கு வெற்றியாகக் குத்தப்பட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் சென்னையையும் கல்கத்தாவையும் அடைந்தது. அறிவுக்கு இது நல்வரவு. ஆயினும் வங்க மக்கள் இதனை 'இங்கிரேஜி டீக்கா' என்று அழைத்து ஒதுங்கி நின்றனர். பழைய முறை 'பங்க்ளா டீக்கா'வாக நீடித்தது. அவர்களை அறிவிலிகள் என்று அக்கால அதிகாரிகள் எழுதினர். காரணத்தை ஆராய்ந்தால் அவ்வாறு கூற இயலாது. அம்மைப்பால் வெப்பத்தில் கெட்டுவிடும். ஆகவே பலருக்குக் குத்தியும் பயன் விளையவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றிய முறையில் எவர் உடலின் நீர் எவருக்குச் செல்கிறது என்ற அச்சம் இருந்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, பழைய டீக்காக்காரர் பத்தியம் சொன்னார், பூசை செய்தார், குணமாகும் வரை வந்து பார்த்தார். சர்க்கார் ஊழியரோ கையைக் கீறிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். மக்கள் மருந்தை மட்டுமன்று, மருந்தோடு வரும் மனிதரையும் எடை போட்டனர்.

இதனை உணர்ந்த ஆங்கிலேயரும் இருந்தனர். திருக்குறளுக்கு உரை வகுத்தவரும், தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் நிறுவியவருமான சென்னை எல்லிஸ் துரை, அம்மைப்பால் தெய்வமே பசுவின் வாயிலாக அருளியது என்னும் கருத்துப்படப் பழங்கதை போன்ற ஒன்றை இயற்றினார் என்று ஆய்வாளர் தாமஸ் டிரவுட்மன் எடுத்துக்காட்டியிருக்கின்றார். நோக்கம் நல்லதே, எனினும் பொய்யான பழமையால் மெய்யான மருந்தை விற்கும் முயற்சி நிலைக்கவில்லை. வங்கத்தில் நிலைத்தது வேறொன்று. 1850இல் கல்கத்தாவில் அமைந்த வைசூரிக் குழு பழைய டீக்காவைத் தடுக்கப் பரிந்துரைத்தது. 1865இல் கல்கத்தாவிலும் சுற்றுப்புறங்களிலும் சட்டம் அதனைத் தடை செய்தது. அதன் பின்னர், மாலை கட்டுவோரும் நாவிதரும் அந்தணரும் ஆகிய பழைய டீக்காக்காரர் பலரையே அம்மைப்பால் குத்துவோராகச் சர்க்கார் அமர்த்தியது. தெரிந்த கை, புதிய மருந்து. மக்கள் கதவைத் திறந்தனர்.

கதை அத்துடன் முடியவில்லை. 1974இல் இந்தியாவில் ஒன்றே முக்கால் லட்சத்திற்கு மேற்பட்டோரைப் பெரியம்மை பற்றியது. பீகாரும் வங்கமும் அதில் பெரிதும் வருந்தின. ஊழியர்கள் நோயுற்ற குழந்தையின் படம் தாங்கிய அட்டையோடு வீடு வீடாக வினவினர். நோயைத் தெரிவிப்போர்க்குரிய பரிசு படிப்படியாக உயர்ந்து 1975இல் 1,000 ரூபாயாயிற்று. ஒரு வீட்டில் நோய் கண்டால் சுற்றியுள்ளோர் அனைவருக்கும் ஊசி போட்டனர். 1975ஆம் ஆண்டோடு இந்தியாவில் நோய் ஒழிந்தது; 1977இல் நாடும் 1980 மே 8ஆம் நாள் உலகும் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. நம் பெற்றோரின் மேற்கையில் வட்டமாகத் தெரியும் தழும்பு அப்போராட்டத்தின் கையொப்பம்.

வங்கத்தின் மற்றொரு கொள்ளை நோய் காலரா. 1817இல் ஜெஸ்ஸூரில் எழுந்த கொள்ளை அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. இதற்கும் மக்கள் ஒரு தாயைக் கண்டனர். இந்துக்களுக்கு அவள் ஓலாய்சண்டி, முஸ்லிம்களுக்கு ஓலாபீபி. ஒரே பீடத்தின் முன் இரு சமயத்தாரும் நின்று வேண்டிக்கொண்டனர். துயரில் ஒன்றுபட வைத்தது அந்நம்பிக்கையின் பெருமை. எனினும் நோயாளி நீர் வற்றி இறப்பதை அது தடுக்கவில்லை.

அதனைத் தடுக்கும் வழியை முதலில் எண்ணியவர் ஓர் அயர்லாந்து நாட்டவர். லிமெரிக் நகரில் பிறந்த வில்லியம் புரூக் ஓஷானசி, 1831இல் காலரா நோயாளியின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் குறைந்துள்ளன. அவற்றை ஈடுசெய்தால் பிழைப்பர் என்று கூறினார். 1833இல் கம்பெனி மருத்துவராக வங்கத்திற்கு வந்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானார். அவர் பிறந்த அயர்லாந்தும் நாட்டு வைத்தியம் செழித்த பூமியே. அங்கே புனிதக் கிணறுகளின் நீரைப் பருகி, அருகிலுள்ள மரத்தில் துணிக் கிழிசலைக் கட்டிவிட்டு வருவர். துணி மட்கும்போது நோயும் நீங்கும் என்பர். ஏழாவது மகனுக்கு நோய் தீர்க்கும் கை உண்டு என்பர். வைத்தியம் அறிந்த குடும்பத்தார் பணம் வாங்கலாகாது என்பர். நம் ஊர் மரத்தடியில் மஞ்சள் துணி முடிவோர்க்கும், கூலி வாங்கினால் வாக்குப் பலிக்காது என்று மறுக்கும் நாட்டு வைத்தியர்க்கும் இவை அயலான வழக்கங்களாகத் தோன்றா. ஓஷானசி கல்கத்தாவில் பண்டிதரையும் ஹக்கீம்களையும் அணுகி மருந்துகளைக் கேட்டறிந்தார். கேட்டவற்றை அப்படியே நம்பவுமில்லை, இகழவுமில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்தார். கஞ்சாவின் மருத்துவப் பயனை 1839இல் மேல்நாட்டார்க்கு அவர் அறிவித்தது இவ்வாறுதான்.

அவருடைய உப்புநீர்க் கருத்து வேறு வடிவில் இவ்வங்க மண்ணிலேயே பயன் தந்தது. 1971இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியே ஏற்றும் நீர் போதவில்லை. கல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரை வாய் வழியே பருகத் தந்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், இறந்தோர் எண்ணிக்கை நூற்றுக்கு நான்குக்கும் கீழே குறைந்தது. அம்மருந்தைப் புகட்டியவர் யார்? பெரும்பாலும் நோயாளியின் தாயும் தமக்கையும் உறவினருமே. சோற்றுக் கஞ்சியில் உப்பிட்டுக் குடிக்கச் செய்யும் பாட்டியின் செயலுக்கு மிக அண்மையில் வந்து நின்றது அறிவியல்.

ஆனால் எல்லா நம்பிக்கையும் இவ்வாறு நன்மையில் முடிவதில்லை. பாம்புக்கடிக்கு வங்கத்தில் மனசா தேவியை வேண்டுவர், மந்திரிப்பவர் 'ஓஜா'. நம் நாட்டில் விஷக்கடி மந்திரிப்போரை ஒத்தவர் அவர். கல்கத்தாவில் மருத்துவராயிருந்த ஜோசப் பேரர், பாம்புக்கடிக்குப் புகழ்பெற்ற மருந்துகளையும் விஷக்கற்களையும் விலங்குகளிடம் சோதித்து, அவற்றுள் எதுவும் விஷத்தை முறிக்கவில்லை என்று கண்டார். இந்தியப் பாம்புகளைப் பற்றிய அவரது பெருநூல் 1872இல் வெளிவந்தது. பின்னர் ஏன் ஓஜாவிடம் சென்றோருள் பலர் பிழைக்கின்றனர்? கடிக்கும் பாம்புகளுள் பல நஞ்சற்றவை. நஞ்சுடையதும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கும். தானே பிழைக்கக்கூடியவரை மந்திரம் பிழைப்பித்ததாக ஊர் நம்பியது. நல்ல பாம்போ, கண்ணாடி விரியனோ, கட்டு விரியனோ தீண்டியவருக்கு அந்நம்பிக்கை பறித்துக்கொள்வது காலம். காலம் போனால் உயிர் போகும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் இந்நாளில் மந்திரிப்பவர் வீட்டுக்கு முதலில் செல்லுதல் பெருந்தவறாகும்.

ஆகவே பாட்டி வைத்தியத்தை எடையிடுவதற்கு மூன்று கேள்விகள் போதும். இது நோயாளியைத் தூய்மையாகவும் ஆறுதலாகவும் வைத்திருக்கின்றதா? பிறர்க்கு நோய் பரவாமல் காக்கின்றதா? மருத்துவரிடம் செல்வதைத் தாமதப்படுத்துகின்றதா? முதலிரண்டுக்கும் ஆம் என்றும் மூன்றாவதற்கு இல்லை என்றும் விடை வருமாயின், அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. வேப்பிலைப் படுக்கையும் இளநீரும் கஞ்சியும் இருக்கட்டும். தட்டம்மை கண்ட குழந்தைக்கு மூச்சுத் திணறும்போதும் 'அம்மைக்கு மருந்து கூடாது' என்பாராயின், அங்கே தாயின் பெயரால் தாய்மைக்கே மாறு செய்கின்றோம். தட்டம்மை இன்றும் உயிர் குடிக்கும் நோய். அதற்குத் தடுப்பூசி உண்டு. அதனை உரிய வயதில் போடுவதே இக்காலத்து அம்மன் வழிபாடு.

இறுதியாக ஒன்று. அயர்லாந்தில் 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைந்தது. 1937 முதல் ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர், தம் வீட்டுப் பெரியோரிடம் கதைகளையும் நாட்டு மருந்துகளையும் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினர். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தேசியச் செல்வமாகக் காக்கப்படுகின்றன. அதற்குத் தேவையாக இருந்தவை ஒரு பென்சிலும், பொறுமையுள்ள ஒரு சிறுவனும், பேசுவதற்கு ஆளில்லாதிருந்த ஒரு கிழவியும் மட்டுமே. வெளிமாநிலத் தமிழர் இல்லங்களில் இம்மூன்றுக்கும் குறைவில்லை. பெரியம்மையைக் கண்ணால் கண்டு, அம்மை கண்ட வீட்டில் செய்தவற்றைக் கையால் செய்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. தாய்நாட்டு மொழியையே அரைகுறையாகப் பேசும் நம் பிள்ளைகளுக்கு, அம்மூதாட்டியரின் மருந்துச் சொற்கள் இன்னும் பத்தாண்டுகளில் எவரும் சொல்லக் கேளாதவையாகிவிடும். எதை ஏன் செய்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கேட்டு எழுதி வைப்போம். பலிக்காததையும் எழுதுவோம், அதுவும் வரலாறே. டீக்காக்காரர் தம் அனுபவத்தை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. அவருடைய அறிவு நமக்குக் கிட்டியது, வாயிற்படியில் நின்று பார்த்த ஓர் அயலார் அதனை எழுதியமையால் அன்றோ?